குக்கீயும் ஐபி முகவரியும்: பந்தியில் பாதியில் நின்ற பதில்கள்

சின்னச் சின்னக் கடைகளுக்கும் ஒன்றிரண்டு பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்து, அப்புறம் அதைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, இலை போடுவதற்குள் யாராவது போனை நீட்டி "இதுல அக்செப்ட் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பதில் பாதியில் இருக்கும்போதே சாம்பார் வந்துவிடும். முழுப் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

குக்கீ என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் கொடுப்பார்களே, அந்த டோக்கன்.

ஒரே வரி முடிந்தது, இனி கொஞ்சம் நீட்டுகிறேன். செருப்புக் கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியாது, தெரியவும் வேண்டாம்; 47 என்று போட்ட தகரத் துண்டை நீட்டினால் 47ஆம் தட்டிலிருந்து உங்கள் செருப்பை எடுத்துத் தருவார். இணையதளத்தை வைத்திருந்து, கேட்பவருக்கு எடுத்துத் தரும் கணினியான சர்வரும் அப்படித்தான், அதற்கு இயல்பிலேயே ஞாபகம் என்பது கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், கொடுத்தது, அதோடு சரி. அடுத்த நொடியே நீங்கள் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் அதற்கு நீங்கள் புது ஆள். அதனால் முதல் முறை போகும்போதே ஒரு சின்னக் குறிப்பை உங்கள் உலாவியிடம் (குரோம், சஃபாரி மாதிரி) கொடுத்து "வைத்துக்கொள், இனி வரும்போதெல்லாம் காட்டு" என்று சொல்லிவிடுகிறது. உலாவியும் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் மறக்காமல் காட்டுகிறது. கூடையில் போட்ட சேலை அப்படியே இருப்பதும், மெயிலைத் திறக்கும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேட்காமல் இருப்பதும் இதனால்தான்.

ஒரு குக்கீ சுமார் 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கிறுக்கல் இருக்கும், உங்கள் ஜாதகம் இருக்காது. ஜாதகம் இருப்பது சர்வர் பக்கத்தில். டோக்கனில் எண், தட்டில் செருப்பு.

அப்படியானால் குக்கீ வைரஸா?

இல்லை. அது வெறும் எழுத்து, தானாக எதையும் செய்யாது.

இதை யார் கொண்டுவந்தது? எதற்காக?

லூ மொன்டுல்லி என்ற பொறியாளர், 1994இல், உலாவி செய்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில். ஒரு வாடிக்கையாளருக்கு இணையக் கடை செய்துகொண்டிருந்தார்கள். பாதியில் விட்டுப்போன கூடைகளையெல்லாம் தங்கள் சர்வரில் வைத்திருக்க அந்த வாடிக்கையாளருக்கு விருப்பமில்லை. சரி, வாங்க வந்தவரின் கணினியிலேயே குறித்து வைப்போம் என்று கிளம்பியதுதான் இது. பெயர், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்து ஆட்களிடம் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கீ'யிலிருந்து வந்தது; நிரல்கள் தங்களுக்குள் கைமாற்றும் சின்னக் குறிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

இதில் நான் ரசிப்பது ஒரு விஷயம். ஒவ்வொரு உலாவிக்கும் ஒரே நிரந்தர எண் கொடுத்துவிடலாம் என்பதும் அப்போது எதிரே இருந்த வழிதான், செய்வதற்கும் சுலபம். ஆனால் அந்த எண்ணை வைத்து எல்லாத் தளங்களும் ஒருவரைப் பின்தொடர முடியும் என்று மொன்டுல்லி அதை ஒதுக்கிவிட்டு, கொடுத்த தளத்துக்கு மட்டுமே திரும்பக் காட்டும்படி குக்கீயை அமைத்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் விளம்பரக் கம்பெனிகள் இரண்டே வருடத்தில் இடுக்கு கண்டுபிடித்துவிட்டன. ஊருக்கோ தன் கணினியில் இப்படி ஒன்று இருப்பதே 1996 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான் பரவலாகத் தெரிந்தது.

ஒரே ஒரு தடவை வெட் கிரைண்டர் விலை பார்த்தேன். இரண்டு வாரமாகச் செய்தித்தளத்திலும் சமையல் குறிப்பிலும் அதே கிரைண்டர் சுற்றுகிறது. எப்படி?

அந்த இடுக்கு இதுதான்.

நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து மட்டும்தான் செய்தித்தளத்தின் சர்வரிலிருந்து வரும். பக்கவாட்டில் உள்ள விளம்பரப் பெட்டி இன்னொரு கம்பெனியின் சர்வரிலிருந்து வருகிறது. உங்கள் உலாவி அந்த இன்னொரு சர்வரிடமும் போய் "பெட்டிக்குள் போட ஒரு படம் கொடு" என்று கேட்கிறது. கேட்கும்போது அந்தக் கம்பெனியும் தன் டோக்கனைக் கொடுத்துவிடும். இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்பார்கள். விதி மீறவில்லை பாருங்கள், கொடுத்தவரிடம் மட்டும்தான் திரும்பக் காட்டப்படுகிறது. ஆனால் ஊரில் உள்ள அத்தனை கடை வாசலிலும் ஒரே ஆள் உட்கார்ந்து டோக்கன் வாங்கிப் பார்த்தால் என்ன ஆகும்? 47ஆம் எண்காரர் காலையில் நகைக்கடை, மத்தியானம் மருந்துக்கடை, சாயங்காலம் வாடகை வீட்டுத் தரகர் என்று அந்த ஆளுக்கு மட்டும் முழுக் கதையும் தெரியும். கிரைண்டர் கடை வாசலிலும் அவர்தான் இருந்தார், சமையல் குறிப்பு வாசலிலும் அவர்தான் இருக்கிறார்.

பெட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமே இல்லாத படத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்தாலே போதும். அதைக் கேட்கப் போகும் சாக்கில் டோக்கன் கைமாறிவிடும்.

கிரைண்டரை வாங்கிய பிறகும் அது துரத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நீங்கள் வாங்கியது பக்கத்துத் தெருக் கடையிலோ வேறு தளத்திலோ இருக்கும், அந்தச் செய்தி டோக்கன்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒழித்துவிட்டார்கள் என்று படித்தேனே?

பாதி உண்மை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அதை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா என்று வைத்துவிட்டது, ஒரு டப்பாவில் போட்டது இன்னொன்றில் தெரியாது. குரோம்? இரண்டு வருடத்தில் எடுத்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. அப்புறம் தள்ளிவைத்தது, மறுபடியும் தள்ளிவைத்தது, கடைசியில் 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனிதான் உலாவியும் செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலோர் குரோம்தான். அதனால் நீங்களே அமைப்புகளுக்குள் போய்த் தடுத்தால்தான் உண்டு.

எல்லாக் குக்கீயையும் மொத்தமாக அழித்துவிட்டால்?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. எல்லாத் தளங்களிலும் லாகின் போய்விடும், பாஸ்வேர்ட் மறந்துபோனவர்கள் அன்று முழுக்க ஓடிபிக்குக் காத்திருப்பார்கள். இன்னொரு வேடிக்கை: "குக்கீ வேண்டாம்" என்று நீங்கள் சொன்ன பதிலையும் தளம் ஒரு குக்கீயில்தான் எழுதி வைத்திருக்கும். அதுவும் அழிந்துவிடுவதால் மறுபடி எல்லாரும் முதலிலிருந்து கேட்பார்கள்.

மூன்றாம் தரப்பை மட்டும் தடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். என் போனில் நான் வைத்திருப்பது அப்படித்தான். எப்போதாவது ஒரு தளம் அதனால் மக்கர் செய்யும், அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

"அனைத்தையும் ஏற்கிறேன்" என்று ஒரு பெட்டி பாதித் திரையை மறைக்கிறதே, அதில் எதை அழுத்துவது?

"நிராகரி" என்று இருந்தால் அதை. "தேவையானவை மட்டும்" என்று இருந்தால் அதை. எதுவுமே இல்லாமல் "அமைப்புகள்" என்று மங்கலான சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும் இருந்தால், அதற்குள் போங்கள். நிராகரிக்கும் பொத்தான் அங்கேதான் இருக்கும். வேண்டுமென்றேதான் ஒளித்து வைக்கிறார்கள். ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்கு நாலு சொடுக்கு என்று வைத்திருந்ததற்காகத்தான் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதமே ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

மறுத்தால் தளம் வேலை செய்யாதோ என்று பயப்பட வேண்டாம். லாகினுக்கும் கூடைக்கும் தேவையான குக்கீ எப்படியும் வரும், அதற்கு யாரும் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை.

நம் நாட்டில் அந்தப் பெட்டி கட்டாயமா?

குக்கீக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐரோப்பாவுக்காகச் செய்து இங்கேயும் அப்படியே ஒட்டிய பெட்டி. ஆனால் 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவருடைய தரவை வாங்குமுன் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக அமலுக்கு வர 18 மாத அவகாசம். சட்டத்தை மீறினால், மீறலின் வகையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம். எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று: அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வசதி தர வேண்டும். அதாவது தமிழிலும். இனி அந்தத் தமிழ் எப்படி இருக்கப்போகிறதோ, அது வேறு கவலை.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

குக்கீயைத் திருட முடியுமா?

முடியும், நிஜமாகவே பயப்பட வேண்டியது இதற்குத்தான். உங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு இன்னொருவர் போய் நீட்டினால் செருப்பு அவர் காலுக்குப் போய்விடும். பாஸ்வேர்ட் வேண்டாம், ஓடிபி வேண்டாம், ஏனென்றால் அதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்து வாங்கிய டோக்கன்தான் அது.

2010இல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு ஆட்-ஆன் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) வந்தது. காபிக் கடையின் திறந்த வைஃபையில் அதை ஓட்டினால், பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் பக்கத்துக்குள் ஒரே சொடுக்கில் போய்விடலாம். காரணம், அப்போது பல தளங்கள் லாகின் செய்யும் பக்கத்தை மட்டும்தான் பூட்டி அனுப்பின, மற்ற நேரம் குக்கீ திறந்த தபால் அட்டை மாதிரி காற்றில் போய்க்கொண்டிருந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருப்பதற்கு அந்த வெட்கக்கேடும் ஒரு காரணம்.

அதனால் இப்போது திருடர்கள் காற்றை விட்டுவிட்டு நேராகக் கணினிக்குள் வருகிறார்கள். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற, கணினி விஷயங்களையே பேசும் பெரிய யூடியூப் சேனல் அப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் மாதிரி ஒரு மின்னஞ்சல், அதில் இணைப்பு, அலுவலகத்தில் ஒருவர் திறந்தார், உலாவியில் இருந்த லாகின் குக்கீ மொத்தமும் போனது. பாஸ்வேர்டை அவர்கள் தொடவே இல்லை. கணினி தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், திருட்டு சாஃப்ட்வேர் தேடி இறக்குகிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது. சந்தேகம் வந்தால் பாஸ்வேர்ட் மாற்றுவதோடு நிறுத்தாமல் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற பொத்தானை அழுத்துங்கள். பழைய டோக்கன்கள் செல்லாமல் போவது அதில்தான்.

இன்காக்னிட்டோ என்ற ரகசிய ஜன்னலில் போனால் யாருக்கும் தெரியாதா?

வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஜன்னலை மூடியதும் அந்த நேரத்துக் குக்கீகள் அழியும். நீங்கள் போன தளத்துக்கும் இணையம் தரும் கம்பெனிக்கும் உங்கள் ஐபி முகவரி எப்போதும்போலத் தெரியும். இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசத்தில், சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

சரி, ஐபி முகவரி என்றால்?

இணையத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண் முகவரி. குக்கீயை வாங்க மறுக்கலாம், ஐபியை மறுக்க முடியாது. பதில் எங்கே வர வேண்டும் என்று சொல்லாமல் எப்படிக் கேள்வி அனுப்புவது? அனுப்புநர் முகவரி இல்லாமல் பதில் தபால் வராது, அதே கணக்கு.

நான் பார்க்கும் சர்வர் பதிவில் ஒரு ஆள் வந்து போனதற்கு இருப்பது ஒரு வரி. 203.0.113.45 என்று ஒரு எண், தேதி, நொடி வரை நேரம், எந்தப் பக்கம், 200 என்ற குறி (கேட்டது கிடைத்தது என்று அர்த்தம்), எத்தனை பைட், எந்தத் தளத்திலிருந்து வந்தார், என்ன உலாவி. முடிந்தது. (தேட வேண்டாம், அந்த எண் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிவைத்த வரிசையில் உள்ளது, யாருக்கும் சொந்தமில்லை.) நான் இந்த வரிகளைப் பார்ப்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஐபியிலிருந்து நிமிடத்துக்கு நூறு முறை பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கும் எந்திரங்களைத் தடுக்க. அப்பாவி ஜவுளிக் கடைத் தளத்துக்குக்கூட அப்படி வருவார்கள், ஜவுளி வாங்க அல்ல.

அதை வைத்து என் வீட்டைக் கண்டுபிடிக்கலாமா?

தளம் நடத்துகிறவரால் முடியாது. ஐபி எண்ணை வரைபடத்தில் பொருத்தித் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஊரளவில் ஊகம் சொல்வதுதான். மதுரையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் "நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள்" என்று வருவது சகஜம், உங்கள் டேட்டா வெளியே போகும் வாசல் சென்னையில் இருப்பதால்.

அந்த ஊகத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு சாட்சி. மேக்ஸ்மைண்ட் என்ற கம்பெனி, ஒரு ஐபி அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாதபோது, நாட்டின் நடுப்பகுதியில், அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்ணாக வரும் ஒரு புள்ளியைப் பதிலாகக் கொடுத்துவந்தது. அந்தப் புள்ளி ஒரு வீட்டருகே விழுந்தது. 60 கோடி ஐபி முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் கை காட்டின. மோசடியில் ஏமாந்தவர்கள், போலீஸ், வரித்துறை, ஓடிப்போன பிள்ளையைத் தேடி வந்தவர்கள் என்று பல வருடமாகக் கதவைத் தட்டினார்கள், அங்கே இருந்தவர்களுக்கோ ஏன் என்றே தெரியாது. 2016இல் செய்தி வெளியான பிறகு அந்தப் புள்ளியை ஒரு ஏரிக்கு நடுவே மாற்றினார்கள்.

அப்படியானால் போலீஸ் எப்படிப் பிடிக்கிறது?

ஐபி, தேதி, நேரம் மூன்றையும் இணையக் கம்பெனியிடம் கொடுத்து, அந்த நொடியில் அது யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். முன்பு அது போதும். இப்போது மொபைலில் அதுவும் சிக்கல். பழைய முறை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான், மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் ஒரே எண்ணை ஏராளமான சந்தாதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஒண்டுக் குடித்தனம் மாதிரி: தெருவில் ஒரே கதவு எண், உள்ளே பல குடும்பம். எந்தக் குடும்பம் என்று சொல்ல, உள்ளே இருக்கும் அறை எண் மாதிரியான போர்ட் எண்ணும் வேண்டும், அதைப் பல தளங்கள் பதிவதே இல்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே "போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடு" என்று புதிர் வந்தால், உங்கள் ஒண்டுக் குடித்தனத்தில் வேறு யாரோ வால் ஆட்டியிருக்கலாம். புதிய ஐபிவி6 முறையில் இந்தத் தட்டுப்பாடு இல்லை, இந்தியா அதில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கிறது.

வீட்டுக்காரர் போனில் தேடியது என் போனில் விளம்பரமாக வருகிறது. போன் ஒட்டுக்கேட்கிறதா?

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே வைஃபையில் இருந்தால் இரண்டு போனும் வெளியே ஒரே ஐபியாகத் தெரியும். இந்த இரண்டும் ஒரு வீடு என்று விளம்பரக் கம்பெனிகள் முடிச்சுப் போட்டுவிடும். பிறந்தநாள் பரிசை ரகசியமாகத் தேட வேண்டுமானால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

விபிஎன் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்புவது. ஐபி மாறும், குக்கீ மாறாது. விபிஎன் போட்டுக்கொண்டு அதே மெயிலில் லாகின் செய்தால் முகமூடி போட்டுக்கொண்டு பெயர்ப் பலகையும் மாட்டிக்கொண்ட மாதிரி. மேலும் இணையக் கம்பெனிக்குத் தெரிந்தது இனி விபிஎன் கம்பெனிக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்படச் சில கம்பெனிகள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன் பக்கமே போகாதீர்கள்.

எனக்கு ஒரு சின்னக் கடைத் தளம் இருக்கிறது. நான் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் தளத்தையே ஒரு கணினியில் திறந்து, எஃப்12 அழுத்தி, 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கீ பட்டியலைப் பாருங்கள். நீங்கள் வைக்காத பெயர்கள் இருந்தால், அவை நீங்கள் ஒட்டிய யூடியூப் பெட்டி, சாட் பொத்தான், பார்வையாளர் கணக்கெடுப்பு இவற்றோடு வந்தவை. எதற்கென்று தெரியாததை எடுத்துவிடுங்கள். கணக்கெடுப்பு ஒட்டிவிட்டு ஒரு நாளும் திறந்தே பார்க்காத முதலாளிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

லாகின் குக்கீக்கு மூன்று அடையாளங்கள் கட்டாயம்: பூட்டிய இணைப்பில் மட்டும் போகட்டும் என்பதற்கு 'செக்யூர்', பக்கத்தில் ஓடும் நிரல் படிக்கக்கூடாது என்பதற்கு 'எச்டிடிபி ஒன்லி', வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு போகலாமா கூடாதா என்பதற்கு 'சேம்சைட்'. மூன்றாவதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். 2020இல் ஒரு சேலைக் கடைத் தளம். வாடிக்கையாளர்கள் வங்கிப் பக்கத்தில் பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் லாகின் போய், கூடை காலி, பணம் மட்டும் போயிருக்கும். ஒரு நாள் முழுக்கக் கடையின் போன் ஓயவில்லை. அந்த அடையாளம் இல்லாத குக்கீயை வெளித் தளத்திலிருந்து வரும் பல வகைக் கோரிக்கைகளோடு அனுப்பக் கூடாது என்று உலாவிகள் விதியை இறுக்கியிருந்தன, மாதக்கணக்கில் எச்சரித்தும் இருந்தன, நான்தான் படிக்கவில்லை.

குக்கீ இல்லை, நமக்கென்ன என்றும் இருக்க முடியாது. ஐபியே தனிநபர் தரவு ஆகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது. கூகுளின் சர்வரிலிருந்து எழுத்துருவை இழுத்ததால் வந்தவரின் ஐபி கூகுளுக்குப் போனது என்று, மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஒரு தளக்காரரை 100 யூரோ இழப்பீடு கொடுக்க வைத்தது. அதைப் படித்த அன்றைக்கே என் வாடிக்கையாளர்களின் எழுத்துருக் கோப்புகளை இறக்கி அவரவர் சர்வரிலேயே வைத்துவிட்டேன். தளத்துக்கு அரை மணி நேர வேலை, பக்கமும் கொஞ்சம் சீக்கிரம் திறக்கிறது.